ரெண்டே முக்கால் இஞ்ச்

சின்னவளைப் போட்டோ எடுப்பது அந்த வீட்டில் நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலை. தையல்காரரான அப்பா பேண்டின் இடது காலை முன்பே குறைத்து வெட்டித் தைத்திருப்பார். அம்மா இடுப்பில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளி நிறுத்துவாள். போட்டோ எடுப்பவர் "ரெடி" என்னும்போது அக்காவான பெரியவள் உதடு அசையாமல் "முட்டி" என்பாள். உடனே சின்னவள் வலது முட்டியைக் கொஞ்சம் மடக்குவாள், இடது குதிகாலைக் கொஞ்சம் தூக்குவாள். தோள் இரண்டும் மட்டமாகிவிடும். ஒன்பது வயதில் மாடிப்படியில் விழுந்ததில் அவளுடைய இடது தொடை எலும்பின் வளரும் முனை நசுங்கிப்போனது. வலது கால் தன்பாட்டுக்கு வளர்ந்தது, இடது கால் பின்தங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் அவள் கம்பு மாதிரி நேராக நிற்கிறாள். ஆல்பத்தைப் புரட்டுகிறவனுக்கு அந்த வீட்டில் நொண்டி என்று யாருமே கிடையாது.

இருபத்திரண்டு வயதில், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை நிரந்தரமான மறு வாரம், சின்னவள் யாரையும் கேட்காமல் எலும்பு டாக்டரிடம் பெயர் பதிந்துவிட்டு வந்தாள்.

"ஒரே ஒரு ஆசைதான். கடையில தொங்குற பேண்டை எடுக்கணும். உள்ள போய்ப் போட்டுக்கணும். அப்படியே வெளிய வரணும். யாரும் கத்திரி எடுக்கக் கூடாது."

அப்பா சிரித்தார். "ரெடிமேட் தையலைப் பாத்திருக்கியா? ரெண்டு தடவை தொவைச்சா காலு முறுக்கிக்கும்."

"என் காலே முறுக்கிக்கிட்டுதான் கெடக்கு. பேண்டும் முறுக்கட்டும். இன்னொண்ணு, ஒரே ஆபரேஷன். சின்ன வயசுல ரெண்டு தடவை அந்த மேசையில படுத்தாச்சு. இது மூணாவது. நாலாவதுன்னு எவனாவது சொன்னா நான் வர மாட்டேன்."

முதலில் எக்ஸ்ரே. நிற்க வைத்து இடுப்பிலிருந்து பாதம் வரை எடுக்கும் நீளமான படம். குட்டையான காலுக்கு அடியில் மரக்கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போய், இடுப்பு மட்டத்துக்கு வந்ததும் எடுப்பார்கள். கட்டைகளின் உயரம் எவ்வளவோ, காலின் குறை அவ்வளவு. வெளியே முப்பது பேர் வரிசையில் இருந்தார்கள். படம் எடுப்பவர் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட முகத்தோடு இருந்தார். சின்னவளுக்குப் பாதம்வரை தொங்கும் ஆஸ்பத்திரி அங்கி. பெரியவள் அவளுடைய செருப்பையும் பையையும் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"நேரா நில்லும்மா," என்றார் அவர். "போட்டோவுக்கு நிக்கிற மாதிரி."

"முட்டி," என்றாள் பெரியவள்.

சொன்னது அவளுக்கே தெரியாது. தும்மல் போடுகிறவனைப் பார்த்து மூக்கைத் தொடுவது போல வாயில் வந்துவிட்டது. கதவு மூடியது. சின்னவள் நன்றாகத்தான் நின்றாள்.

அடுத்த வாரம் டாக்டர் மேசை மேல் மூன்று கம்பிகளை வரிசையாக வைத்தார். மாதிரிக்காக வைத்திருப்பவை. எத்தனையோ குடும்பங்கள் தொட்டுப் பார்த்து மங்கிப்போயிருந்தன.

"குறை நாலு புள்ளி எட்டு சென்டிமீட்டர். எலும்பை வெட்டி, உள்ள இருக்கிற துளையில இதுல ஒண்ணை வைப்போம். தினம் ஒரு மில்லிமீட்டர் நீளும். நடுவுல வர்ற இடைவெளியில புது எலும்பு ஊறி வரும். எந்தக் கம்பின்னு வீட்டுல பேசிட்டு வியாழக்கிழமை சொல்லுங்க." ஒரு தாளையும் நீட்டினார்.

அப்பா வாங்கினார். வாங்கிய கையோடு, ஒரு எழுத்தையும் பார்க்காமல், பெரியவளிடம் கொடுத்தார்.

அந்த வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் அவள் கையில்தான் வந்து நிற்கும். பக்கத்து வீட்டு வாடகை ஒப்பந்தத்திலிருந்து மாத்திரை அட்டையின் பின்பக்கம் வரை. பரம்பரையிலேயே முதல் பட்டம் அவளுடையது. வரலாற்றில் வாங்கிய பட்டம். அதை வைத்துக்கொண்டு ஒரு கூரியர் அலுவலகத்தில் முகவரி சரிபார்க்கிறாள். "ஹிஸ்டரி படிச்சவகிட்ட எலும்பைக் கேக்கறீங்களே" என்று கத்திப் பார்த்திருக்கிறாள். "படிச்சவளுக்கு எல்லாம் ஒண்ணுதானே" என்பாள் அம்மா. தெரியாது என்று சொல்லும் உரிமையை அந்தப் பட்டத்தோடு சேர்த்து அவளிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவளும் தெரியாது என்று சொல்வதை மறந்துவிட்டாள். அதுதான் பெரிய கேடு.

மூன்று நாள் சாயங்காலமும் அப்பாவின் வெட்டும் மேசையில், துணி வரையும் பழுப்புக் காகிதத்தை விரித்து, கட்டம் போட்டு எழுதினாள். முதல் கம்பிக்கு மிஷின் கிடையாது. காலை உள்ளும் வெளியும் திருக வேண்டும். ஒவ்வொரு திருகலுக்கும் உள்ளே டிக்கென்று ஒரு பல் நகரும்.

"கடிகாரத்துக்குச் சாவி குடுக்கிற மாதிரியா?" என்றாள் அம்மா. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. ஆனா கடிகாரத்துக்கு வலிக்காது. தூக்கத்துல புரண்டா அதுபாட்டுக்கு நாலு பல் கூட நகர்ந்துடுமாம்."

அதைக் கோடு போட்டு அடித்தாள். மிச்சம் இரண்டு. இரண்டுக்கும் உள்ளே காந்தம் இருக்கும். வெளியே தொடை மேல் ஒரு மிஷினை வைத்தால் காந்தம் சுழன்று கம்பி நீளும். ஒன்று எட்டு சென்டிமீட்டர் வரை போகும். ஆனால் எலும்பு இறுகும்வரை அந்தக் காலில் பாரம் போடக் கூடாது. நாலைந்து மாதம் இரண்டு கக்கத்திலும் கட்டை. மற்றது தடித்த உலோகம், பாரம் தாங்கும், சில வாரத்தில் ஊன்றி நடக்கலாம். ஆனால் சின்னவளின் எலும்புக்குப் பொருந்தும் அளவில் அது ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளாது. கண்ணாடிக் கடையில் கொடுத்த விடுப்பு இரண்டு மாதம். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் வேறு ஆள் நின்றுவிடும்.

"தேவை நாலு புள்ளி எட்டு. கம்பி அஞ்சு. ரெண்டு மில்லி மிச்சம்கூட இருக்கு," என்றாள் பெரியவள். மூன்றாவது கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். அந்த வட்டம் அவளுக்கே பிடித்திருந்தது.

அம்மாவின் தம்பி, சரக்கு வேன் ஓட்டுகிற மாமா, டீ குடிக்க வந்தவர் காகிதத்தை எட்டிப் பார்த்தார். பெரியவளை அவர் டிகிரி என்றுதான் கூப்பிடுவார். "என்ன டிகிரி, எந்த நாட்டு மேப்பு?"

"உங்க மருமக காலு."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எட்டையே போடு," என்றார். "துணி எடுக்கப் போனா உங்கப்பாரு என்ன சொல்வாரு? கால் மீட்டர் சேர்த்து எடுன்னுதானே?"

"துணி சுருங்கும் மாமா. எலும்பு சுருங்காது. எட்டு போட்டா இவ வேலை போயிடும், நீங்க வேன்ல உக்கார வெச்சு சம்பளம் குடுப்பீங்களா? தெரிஞ்சதைப் பேசுங்க."

"அட, ஒரு டீக்கு இவ்வளவு திட்டா," என்று மாமா டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

தையல் மிஷினில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த அப்பா தலை தூக்காமல் கேட்டார். "நாலு புள்ளி எட்டுன்னா இஞ்சுல எவ்வளவும்மா?"

"அப்பா, இது பேண்ட் இல்ல. இதையெல்லாம் யாரும் இஞ்சுல பேச மாட்டாங்க."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்," என்றார். நூல் கோத்துக்கொண்டது. மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை மூன்றாவது கம்பி என்று சொன்னார்கள். "மிச்சம் கம்மிதான், ஆனா போதும்," என்றார் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. ஒரு வாரம் கழித்து, பாறாங்கல் கனத்தில் ஒரு மிஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடையில் அழியாத மையில் ஒரு பெருக்கல் குறி. மிஷினை அதன் மேல் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்குக் கால் மில்லிமீட்டர்.

அந்த வேலையும் பெரியவளுக்குத்தான் வந்தது. காலை இரண்டு, அலுவலகம் விட்டு வந்து இரண்டு. மிஷின் ஈ முனகுவது போல ஓடும். வலி முதல் பத்து நாள் இல்லை. அதற்குப் பிறகு தொடைச் சதை எலும்புக்கு ஈடு கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சியின்போது சின்னவள் தலையணை உறையைக் கடித்துக்கொள்வாள். உறையில் மூன்று ஓட்டை விழுந்தது. "அப்பாகிட்ட குடு, காஜான்னு நெனச்சு பட்டன் வெச்சிடுவாரு," என்றாள். ஐந்தாம் வாரம் ஒரு கட்டையோடு ஊன்றி நடந்தாள். அன்றைக்கு அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தாள். குழம்பு தீய்ந்தது, அதையே எல்லாரும் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

நாற்பதாம் நாள் பெரியவள் சம்பளத்தில் ஒரு ரெடிமேட் பேண்ட் வாங்கி வந்தாள். கருநீலம். கடைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டாம் நாள் கொடுப்பதற்குத்தான் வாங்கினாள், ஆனால் பையைப் பார்த்ததுமே சின்னவள் பிடுங்கிக்கொண்டாள். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

இடது கால் துணி தரையில் புரண்டது.

"இன்னும் எட்டு நாள் இருக்கு," என்றாள் பெரியவள். "எட்டு மில்லி. அதுக்குள்ள சரியாயிடும்."

அப்பா முழங்காலிட்டு உட்கார்ந்தார். வாடிக்கையாளர் யார் வந்தாலும் அப்படித்தான் உட்காருவார். புரளும் துணியை இரண்டு விரலில் பிடித்தார், விட்டார். மறுபடி பிடித்தார். கழுத்திலிருந்து டேப்பை எடுத்து வலது காலை அளந்தார், இடது காலை அளந்தார். இடதை இன்னொரு தடவை அளந்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணேகால்," என்றார். "கிட்டத்தட்ட."

"என்ன ஒண்ணேகால்?"

"இஞ்ச்."

பெரியவள் மனதுக்குள் மாற்றிப் பார்த்தாள். எட்டு மில்லி எங்கே, ஒண்ணேகால் இஞ்ச் எங்கே. மூன்று சென்டிமீட்டர். "தப்பா அளந்திருப்பீங்க," என்றாள். முப்பது வருடமாக அளக்கிறவரைப் பார்த்து அப்படிச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

"அப்பா, நீங்க இவளுக்குத் தைக்கும்போது இடது காலை எவ்வளவு குறைச்சு வெட்டுவீங்க?"

"ரெண்டே முக்கால்."

"எப்போலேருந்து?"

"அவ வளர்ச்சி நின்னதுலேருந்து. ஏழெட்டு வருஷமா அதேதான்."

ரெண்டே முக்கால் இஞ்ச். ஏழு சென்டிமீட்டர். மூன்று நாள் கட்டம் போட்டு எழுதிய மேசை அங்கேயே இருந்தது. அதன் விளிம்பில் அப்பா இஞ்ச் கணக்கில் கீறி வைத்த கோடுகள் இருந்தன. அவள் முழங்கையை அதன் மேல் ஊன்றித்தான் நாலு புள்ளி எட்டு என்று எழுதினாள்.

"ஏம்ப்பா சொல்லல?"

அப்பா டேப்பைச் சுருட்டினார். "டாக்டர் படம் புடிச்சு சொல்றாரு. நான் பேண்ட் அளக்கிறவன். அவரு அளக்கிறது எலும்பு, நம்ம அளவு துணி, அது வேற இது வேறன்னு நெனச்சேன். நீயும் அதையேதான் சொன்னே. நீ படிச்சவ." குற்றம் சாட்டும் குரல் இல்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறார்.

"அப்போ படம் ஏன் தப்பா வந்துச்சு?" என்றாள் அம்மா.

சின்னவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பேண்டின் கடைச் சீட்டைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். "போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நில்லுன்னாரு," என்றாள். "நின்னேன்."

"அவர் சொன்னா? அது எக்ஸ்ரேடி. அங்க எதுக்கு முட்டியை மடக்கினே?" என்றாள் பெரியவள்.

"அவர் சொன்னதுக்கு மடக்கல. நீ முட்டின்னே."

"நானா?"

"நீதான். கதவுகிட்ட நின்னு."

பெரியவள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். கையில் செருப்பு இருந்தது ஞாபகம் வந்தது, பை ஞாபகம் வந்தது, தன் உதடு ஞாபகம் வந்தது. "நான் சொன்னா? உனக்கு அறிவு இல்ல?"

"நீ சொன்னா மடக்குவேன். பதிமூணு வருஷமா மடக்கறேன். எந்த இடத்துல மடக்கணும் எந்த இடத்துல கூடாதுன்னு யாரு சொல்லிக் குடுத்தீங்க?"

மறுநாள் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாமா வேனில் கொண்டுபோய் விட்டார். விஷயம் தெரிந்த பிறகும், எட்டைப் போடச் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் வேனை மாடு நகர்வது போல ஓட்டினார். அவர் சொல்லிவிட்டிருந்தால் பெரியவளாவது திருப்பிக் கத்தியிருப்பாள்.

அதே எக்ஸ்ரே அறை, அதே ஆள். கட்டைகளை அடுக்கிவிட்டு, "நேரா நில்லும்மா," என்றார். சின்னவள் கதவுப் பக்கம் பார்த்தாள். காத்திருந்தாள்.

"முட்டியை நீட்டு," என்றாள் பெரியவள். "குதிகாலைக் கீழ வை."

நீட்டினாள், வைத்தாள். இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. படம் எடுப்பவர் இன்னும் கட்டை தேடிப் போனார்.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். முதல் படத்தில் வலது முட்டியை விரலால் தொட்டார். "லேசா மடங்கியிருக்கு. படுக்க வெச்சும் ஒரு தடவை அளந்திருக்கணும். அன்னிக்குக் கூட்டம்." அவரைத் திட்டலாம் என்றுதான் பெரியவள் வந்திருந்தாள். பேருந்தில் இடித்தவனை விட மாட்டாள், அலுவலக மேலாளரையே ஒருமுறை எழுந்து நிற்க வைத்திருக்கிறாள். இப்போது வாயைத் திறந்தால் முதலில் வெளியே வரும் சொல் "முட்டி" என்று தோன்றியது.

"இன்னும் பத்து நாள் ஓட்டினா அஞ்சு வரும்," என்றார் டாக்டர். "அதோட கம்பி முழுசா நீண்டு நின்னுடும். ரெண்டு சென்டிமீட்டர் பாக்கி இருக்கும்."

"அதை எப்படி எடுக்கிறது?" என்று அம்மா கேட்டாள், ஏதோ கறை எடுப்பது போல.

"செருப்புல உயரம் வெச்சுக்கலாம். இல்லேன்னா ஒரு வருஷம் கழிச்சு இதைக் கழட்டிட்டு, எலும்பைத் திரும்ப வெட்டி வேற கம்பி. இன்னொரு ஆபரேஷன்." அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இதுல எல்லாம் இருக்கு. பேசிட்டுச் சொல்லுங்க."

அப்பா வாங்கினார். பழக்கத்தில் கை பெரியவள் பக்கம் திரும்பியது. பாதியில் நின்றது. தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சின்னவள் எல்லாரையும் விட்டுவிட்டு, கட்டையை ஊன்றி, முதல் ஆளாக வெளியே போனாள்.

பத்து நாளும் மிஷின் ஓடியது. அக்காவும் தங்கையும் கால் மில்லி, அரை மில்லி தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஐம்பதாம் நாள் சாயங்காலம் கடைசித் தடவையும் முடிந்தது. காலையில் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரியவள் அதைப் பெட்டியில் வைக்கத் தூக்கினாள்.

"இன்னொரு தடவை வை," என்றாள் சின்னவள்.

"கம்பி முடிஞ்சிடுச்சு. இனிமே வெச்சாலும் நீளாது."

"தெரியும். வை."

பெரியவள் பெருக்கல் குறியின் மேல் வைத்தாள். மிஷின் முனகத் தொடங்கியது. உள்ளே நகர ஒன்றும் இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும், அதுபாட்டுக்கு ஓடியது. சின்னவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கருநீலப் பேண்ட் ஆணியில் தொங்கியது. பத்து நாளாக அதை யாரும் தொடவில்லை.

"அப்பா," என்று சின்னவள் கூப்பிட்டாள். அவர் வாசலில் வந்து நின்றார். "அதை வெட்டிடுங்க. முக்கால் இஞ்ச்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்மா."

"திங்கக்கிழமை வேலைக்குப் போகணும். இப்பவே வெட்டுங்க."

அப்பா பேண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கடைச் சீட்டு அவர் முதுகில் ஆடியது. கொஞ்ச நேரத்தில் வெட்டும் மேசையிலிருந்து கத்திரிச் சத்தம் கேட்டது. துணி மேல் ஒரே இழுப்பில் போகும் கத்திரி, அன்று விட்டு விட்டுப் போனது. மிஷின் தன் நேரம் முடிந்து நின்றுவிட்டது. எடு என்று சின்னவள் சொல்லவில்லை. பெரியவள் அதைத் தூக்கவும் இல்லை, மறுபடி போடவும் இல்லை. இரண்டு கையாலும் தங்கையின் தொடை மேல் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.